லவ் பேர்ட்ஸ், காக்டெயிலுக்கு வயிறு இறங்கிடுச்சா? வீட்ல கண்டுபிடிக்கிறதுல இருந்து ஆபரேஷன் வரைக்கும் முழு வழிகாட்டி

நான் பாலக்காடு ஜில்லால, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற கொழிஞ்சாம்பாறைல சின்னதா ஒரு கால்நடை கிளினிக் வெச்சிருக்கேன், ஆரம்பத்துல மாடும் ஆடும்தான் வரும், இப்ப கூண்டோட வர்றவங்கதான் ஜாஸ்தி. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி பக்கத்துல இருந்து வர்ற தாத்தா "ஏனுங் டாக்டரம்மா, இது முட்டை வெக்கப் போகுதுங்ளா"ம்பாரு, சித்தூர் பக்கத்துல இருந்து வர்ற பொண்ணு "டாக்டரே, முட்டையாணோ இது"ன்னு கேக்கும், ரெண்டு பேரும் விரல் வெச்சு காட்டுறது ஒரே எடத்தைத்தான், வாலுக்கு அடியில தொங்குற ஒரு உருண்டை. அது பல சமயம் முட்டையே இல்ல, வயித்துத் தசை தளர்ந்து உள்ள இருக்கறது கீழ தொங்கற ஹெர்னியா, அதைத்தான் வயிறு இறங்கறதுன்னு சொல்றேன். முட்டை வரும் முட்டை வரும்னு மாசக்கணக்கா காத்திருந்துட்டு கொண்டு வர்றவங்க நெறைய பேர், அதனாலதான் இதை உக்காந்து முழுசா எழுதுறேன். பாதி வீட்ல பறவை வளக்குறவங்களுக்கு, பாதி புதுசா பிராக்டிஸ் ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிகளுக்கு. ஆபரேஷன் பகுதிய படிச்சிட்டு யாரும் வீட்ல பிளேடு எடுத்துடாதீங்க, உங்க பறவைக்கு டாக்டர் என்ன செய்யப் போறாருன்னு தெரிஞ்சுக்கத்தான் அது.

மொதல்ல பேரை சரி பண்ணிக்குவோம். நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு எல்லாரும் சொல்றது பட்ஜீஸ், 30ல இருந்து 40 கிராம் இருக்கும், நிஜமான லவ் பேர்டை கடைக்காரங்க ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்னு தனியா சொல்லுவாங்க. காக்டெயில் 80ல இருந்து 100 கிராம் சுமார். வயிறு இறங்குறது பட்ஜீஸ், காக்டெயில், பின்ச், கேனரி, காக்கட்டூ இதுகள்லதான் நான் படிச்சதுலயும் பார்த்ததுலயும் அதிகம், அதுலயும் பெட்டைக்குத்தான். சேவலுக்கும் வரும், ஆனா அரிது. பச்சைக்கிளி வெச்சிருக்கறவங்களும் கேக்கறாங்க, நம்ம நாட்டுக் கிளிய 1972 வனவிலங்கு சட்டப்படி வீட்ல வெக்கவே கூடாதுங்க, அதை ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒப்படைக்கிறதுதான் முறை.

உள்ள என்னதான் நடக்குது

மனுஷனுக்கு குடலிறக்கம்னா தசைச் சுவர்ல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு விளிம்பு, அது வழியா குடல் பிதுங்கும், டாக்டர் உள்ள தள்ளி விளிம்பை இழுத்து தைப்பாரு. பறவைல பெரும்பாலும் அப்படி ஒரு ஓட்டையே கெடைக்காது. வயித்துத் தசை மொத்தமும் பழைய பனியன் எலாஸ்டிக் மாதிரி நைஞ்சு, இழுபட்டு, மெல்லிசாகி, உள்ள இருக்கறது எல்லாம் அப்படியே கீழ சரிஞ்சு தொங்கும். குடல், கொழுப்பு, முட்டைக்குழாய், சில சமயம் நாட்டுக்கோழி அறுக்கும்போது கல்லும் மண்ணுமா வருமே அந்த அரைவைப்பை, எதுனாலும் அந்தத் தொங்கல்ல இருக்கலாம்.

ஏன் நைஞ்சு போகுது? பெட்டைக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறி ஏறி நிக்கிறதுதான் முக்கியமான காரணம். முட்டை வெளிய வர வழி விடணுமேன்னு அந்த ஹார்மோன் வயித்துத் தசையத் தளர்த்தும், காட்டுல வருஷத்துல ஒரு சீசன்ல அது வந்துட்டு போயிடும், கூண்டுல வருஷம் பூரா நிக்கும். கூடவே கொழுப்பு, வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் தின்னு தின்னு வர்ற சத்துக்குறை, பறக்க எடமில்லாம ஒரே குச்சில உக்காந்திருக்கறது. அடிபட்டும் வரலாம், உள்ள கட்டி வளர்ந்து தள்ளியும் வரலாம்.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. பறவைக்கு வயித்துக்குள்ள அஞ்சு தனித்தனி அறை இருக்குது, நாலு கல்லீரலைச் சுத்தி, ஒண்ணு குடலுக்குன்னு. தொங்குற குடல் பெரும்பாலும் அந்த ஜவ்வுப் பைக்குள்ளயே இருந்துட்டு தொங்குறதாலயும், இறுக்கிப் பிடிக்கற விளிம்பு இல்லாததாலயும், பெருசா தெரிஞ்சாலும் குடல் நெருக்குப்பட்டு அழுகறது அவ்வளவா நடக்கறதில்ல. அதனால உருண்டையைப் பார்த்ததும் பதற வேண்டாம், நிதானமா யோசிக்க நேரம் இருக்கும்.

கெட்ட விஷயம் என்னன்னா பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்ன பின்ன அசைஞ்சாதான் மூச்சு, காத்துப்பைகள் வயிறு வரைக்கும் பரவிக் கிடக்கும். வயித்துல எடம் அடைஞ்சா மூச்சும் அடையும். இந்த ஒரு வரிய மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி ஆபரேஷன்ல இதுதான் எல்லாம்.

படி 1: வீட்ல பாருங்க, அமுக்காதீங்க

கிச்சன் தராசு, 1 கிராம் காட்டுறது, ஆன்லைன்ல சல்லிசா கெடைக்கும், பறவை வளக்கறவங்க வீட்ல கூண்டுக்கு முன்னாடி அதைத்தான் வாங்கணும்னு சொல்லுவேன். காலைல தீனி வெக்கறதுக்கு முன்னாடி தினம் எடை போட்டு காலண்டர்லயே குறிச்சு வைங்க.

பறவைய பிடிக்கும்போது கழுத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல வளையம் மாதிரி பிடிச்சு உடம்பை உள்ளங்கையில சும்மா தாங்குங்க, நெஞ்சை இறுக்கினா மூச்சு நின்னுடும். மல்லாக்கப் படுக்க வெக்காதீங்க, நேரா நிமிர்த்தியே பாருங்க, ஏன்னா வயித்துல தண்ணி கோத்திருந்தா படுக்க வெச்சதும் அது மூச்சுக்கு எதிரியாயிடும். நெஞ்செலும்பு முடியற எடத்துல இருந்து மலவாய் வரைக்கும் இருக்கற அந்த கொஞ்சூண்டு எடத்தை வெதுவெதுப்பான தண்ணில பஞ்சு நனைச்சு றெக்கை முடியை ஒதுக்கிப் பாருங்க. சரியா இருக்கற பறவைக்கு அங்க தட்டையா, லேசா உள்வாங்கி இருக்கும், தோலுக்கு அடியில தசை செவப்பா தெரியும். இறங்கிப் போனதுல செவப்பு தெரியாது, மெல்லிசான தோலுக்குக் கீழ குடல் நெளியறதே சில சமயம் தெரியும். இருட்டு ரூம்ல செல்போன் டார்ச்சை பக்கவாட்டுல புடிச்சா இன்னும் நல்லா தெரியும், தண்ணின்னா வெளிச்சம் ஊடுருவும், திடமா இருந்தா நிழலடிக்கும்.

தோல் மஞ்சளா, தடியா, கோழித்தோல் வெந்த மாதிரி சொரசொரன்னு இருந்தா அது சாந்தோமா, கொலஸ்ட்ரால் படிஞ்ச தோல். இறங்கின வயித்து மேல இது அடிக்கடி வரும், லேசா உரசினாலே ரத்தம் வரும், பறவையே கொத்திக் கொத்தி புண்ணாக்கிக்கும்.

எச்சத்தையும் பாருங்க. மலவாய் எடம் மாறிப் போனதால எச்சத்தை அடக்கி அடக்கி வெச்சு பெருசு பெருசா போடும், பின்னாடி முடியில ஒட்டிக் காயும். காலை அகட்டி நிக்கும், வால் மேல தூக்கி இருக்கும்.

முட்டையா இறக்கமா? முட்டைன்னா கெட்டியா, உருண்டையா, ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு வரும், பறவை முக்கும். இறக்கம்னா கொழகொழன்னு இருக்கும், வாரக்கணக்குல மாசக்கணக்குல மெல்ல பெருசாகும், பறவை ஜாலியா தின்னுட்டு கத்திட்டு இருக்கும். ஆனா ரெண்டும் சேர்ந்தே வரலாம், இறங்கின பைக்குள்ள போயி முட்டை உக்காந்துக்கும், அதனாலதான் அமுக்கிப் பார்க்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன், உள்ள முட்டை உடைஞ்சா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாம போயிடும்.

இன்னிக்கே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: எச்சமே இல்ல, உருண்டை கெட்டியாகி கருநீலமா மாறுது, வாந்தி, மூச்சுக்கு வால் மேலயும் கீழயும் ஆடுது, முடியை உப்பிக்கிட்டு கூண்டு அடியில உக்காந்திருக்கு. இதுல ஒண்ணு இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க.

செய்யக்கூடாத ரெண்டு மூணு விஷயம், எல்லாமே என் கிளினிக்கு வந்து நான் அவிழ்த்தது, கழுவினது. ஒருத்தர் மனுஷனுக்கு போடற பெல்ட் மாதிரியே துணியில செஞ்சு காக்டெயிலுக்கு கட்டிவிட்டு கொண்டு வந்தாரு, பாசம்தான், ஆனா அது மூச்சையே கட்டிப் போட்ட மாதிரி. இன்னொரு வீட்ல பாட்டி வெளக்கெண்ணெய் தடவி தடவி அடி முடி எல்லாம் பிசுபிசுன்னு ஆகி குருவி குளிர்ல நடுங்கிட்டு இருந்துச்சு. வலி மாத்திரை உடைச்சு தண்ணில கலக்கறது அதைவிட மோசம், டைக்ளோஃபெனாக்னாலதான் நம்ம நாட்டு பாறு கழுகெல்லாம் செத்து அழிஞ்சு 2006ல மாட்டுக்கே அந்த மருந்தை தடை பண்ணாங்க, 35 கிராம் குருவிக்கு அதை அளந்து குடுக்க யாரால முடியும்.

படி 2: யார்கிட்ட போறது, எப்படி கொண்டு போறது

போறதுக்கு முன்னாடி போன் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க. பறவைக்கு ஐசோஃப்ளூரேன்கற வாயுவால மயக்கம் குடுக்கற மெஷின் இருக்கா, இவ்வளவு சின்ன பறவைக்கு வயிறு திறந்து பண்ணியிருக்கீங்களா. இல்லைன்னு ஒத்துக்கற டாக்டர் நல்ல டாக்டர், அவரே வேற எடம் சொல்லுவாரு. நம்ம பக்கத்துக்கு திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி இருக்கு, தமிழ்நாட்டுப் பக்கம் நாமக்கல், தூரமா போறவங்களுக்கு சென்னை வேப்பேரி, அதில்லாம கோயமுத்தூர்லயும் கொச்சிலயும் பறவைக்குன்னே பார்க்கற தனியார் டாக்டருங்க இருக்காங்க.

சின்னக் கூண்டு, அடியில வெள்ளைப் பேப்பர் (எச்சம் தெரியணும், அதுவே பாதி டெஸ்ட்), குச்சியை தாழ்வா வைங்க இல்லாட்டி எடுத்துடுங்க, மூணு பக்கம் துணி. மார்ச் ஏப்ரல்ல பாலக்காடு வெயில்ல மதிய பஸ்ல ஜன்னலோரம் கூண்டை வெச்சுட்டு வர்றாங்க, எறங்கும்போது பறவை வாயைத் தொறந்து றெக்கையை விரிச்சுட்டு இருக்கும். காலைல முதல் பஸ்ஸ பிடிங்க. கணவாய்க் காத்து அடிக்கற மாசம்னா துணியை காத்து வர்ற பக்கம் போடுங்க.

படி 3: டாக்டர் கண்டுபிடிக்கிற விதம்

இனிமே கொஞ்சம் டாக்டர் பாஷை வரும், பொறுத்துக்குங்க.

எக்ஸ்ரே இல்லாம முடிவு பண்ணாதீங்க. ஒண்ணு மேல இருந்து, ஒண்ணு பக்கவாட்டுல, லேசான மயக்கத்துல. வயித்துச் சுவர் கோடு எங்க மறையுது, அரைவைப்பை எங்க கிடக்கு, ஓடு உள்ள முட்டை இருக்கா, இதெல்லாம் ஒரே பார்வைல வரும். கூடவே எலும்பைப் பாருங்க, தொடை எலும்பும் கால் எலும்பும் உள்ள வெள்ளை வெளேர்னு நெறைஞ்சு இருந்தா ஈஸ்ட்ரோஜன் ஆட்டம் போடுதுன்னு அர்த்தம், முட்டை ஓட்டுக்காக கால்சியத்தை எலும்புக்குள்ள சேத்து வெச்சிருக்குது. குழப்பமா இருந்தா பேரியம் (எக்ஸ்ரேல வெள்ளையா தெரியற மருந்து) குடுத்து ரெண்டு மூணு மணி நேரத்துல விட்டு விட்டு படம் எடுத்தா குடல் எது கொழுப்பு எதுன்னு பிரிஞ்சுடும். தண்ணி, நீர்க்கட்டி, வீங்கின கல்லீரல் இதுக்கு அல்ட்ராசவுண்ட்.

இறக்கம் மாதிரியே வேஷம் போடறது நெறைய: சும்மா கொழுப்புக்கட்டி, வயித்துல நீர், முட்டை மஞ்சக்கரு உள்ள சிந்தி வர்ற அழற்சி, முட்டைப்பை (ஓவரி) கட்டி, பட்ஜீஸ்ல கிட்னி கட்டி. பட்ஜிக்கு வயிறு பெருத்து ஒரே ஒரு கால் மட்டும் நொண்டுச்சுன்னா கட்டியைத்தான் மொதல்ல சந்தேகப்படுங்க, அந்தக் கால் நரம்பு கிட்னி வழியாத்தான் போகுது.

ரத்தம் எடுக்கும்போது கணக்கு முக்கியம். பறவையோட ரத்தம் உடம்பு எடைல சுமார் பத்துல ஒரு பங்கு, 35 கிராம் பட்ஜிக்கு மொத்தமே மூணரை மில்லி. டெஸ்டுக்கு எடை அளவுல 1 சதவீதத்துக்கு மேல எடுக்கக்கூடாது, அதாவது 0.35 மில்லி, நான் அதுலயும் பாதிதான் எடுப்பேன். ஆபரேஷன்ல இருபது சொட்டு சிந்தினா ஏறக்குறைய ஒரு மில்லி, அந்தக் குருவிக்கு அது மொத்த ரத்தத்துல கால் பங்குக்கும் மேல.

படி 4: ஆபரேஷன் வேணுமான்னு முடிவு பண்றது

இந்தப் படியிலதான் எனக்கும் வர்றவங்களுக்கும் சண்டை வரும். இறக்கம் சின்னதா இருக்கு, பறவை நல்லா தின்னுது, எச்சம் சரியா போகுது, தோல் புண்ணாகலைன்னா நான் கத்தி எடுக்க மாட்டேன். "காசு குடுக்கறேன் தெச்சு விடுங்க"ன்னு சொல்லுவாங்க. முட்டை போடற வேகம் நிக்காம தெச்சா தெச்ச எடமும் சேந்து நைஞ்சு மறுபடி எறங்கும், அப்புறம் ரெண்டாவது தடவை தைக்க அங்க தசையே இருக்காது.

ஆபரேஷன் வேணுங்கறது எப்ப: உருண்டை தரையில இழுபட்டு புண்ணாகும்போது, எச்சம் போக முடியாம அடைக்கும்போது, முட்டைக்குழாய் கெட்டுப்போய் திரும்பத் திரும்ப முட்டை சிக்கும்போது, மருந்து குடுத்தும் பெருசாகிட்டே போகும்போது, குடல் நெருக்குப்படும்போது. கடைசிது மட்டும் அன்னிக்கே.

படி 5: ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு மாசம்

அவசரம் இல்லாத கேஸ்ல நான் ஆறு எட்டு வாரம் கேப்பேன். மீனாட்சிபுரம் அண்ணன் ஒருத்தரோட மஞ்சக் காக்டெயில் 128 கிராம் இருந்துச்சு, வயிறு ஒரு எலுமிச்சம்பழம் சைஸுக்கு தொங்குச்சு, அவர் அன்னிக்கே பண்ணணும்னு உக்காந்துட்டாரு. "அண்ணா, வெளக்கு எப்ப அணைப்பீங்க"ன்னு கேட்டேன். சீரியல் எல்லாம் முடிஞ்சு பதினோரு மணிக்குங்க, கூண்டு ஹால்லதாங்க இருக்குதுன்னாரு. அங்கதான் நோய் இருக்குது.

நம்ம எடத்துல பகல் பொழுது வருஷம் பூரா ஏறக்குறைய பதினொண்ணரை மணி நேரத்துல இருந்து பன்னெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ளதான், குளிர்காலம்னு பறவைக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, அதுக்கு மேல டியூப்லைட்டும் சேந்தா பதினாறு பதினேழு மணி நேர வெளிச்சம், வேளா வேளைக்கு தீனி, பேசறதுக்கு ஆளு, பறவை மனசுல இது ஓயாத வசந்தம். அதனால சாயங்காலம் ஆறு ஆறரைக்கு கூண்டை சத்தமில்லாத ரூமுக்கு மாத்தி துணி போட்டு மூடுங்க, பன்னெண்டு பதினாலு மணி நேரம் இருட்டு வேணும். பானை, மட்கா, பொட்டி, மறைவா பூந்துக்கற எடம் எல்லாத்தையும் எடுங்க. கண்ணாடியை எடுங்க. முதுகைத் தடவிக் கொஞ்சாதீங்க, தலையைத் தடவினா போதும், முதுகைத் தடவினா ஜோடி கெடைச்சிடுச்சுன்னு அது நினைச்சுக்கும். சேவல் இருந்தா பிரிச்சு வைங்க. வெச்ச முட்டையை மட்டும் உடனே எடுத்துடாதீங்க, எடுத்தா ஈடு கட்ட மறுபடி வெக்கும், அது அடைகாத்து சலிச்சு தானா விடட்டும்.

தீனிய ஒரேடியா நிறுத்தக் கூடாது. குண்டுப் பறவைய பட்டினி போட்டா கல்லீரல்ல கொழுப்பு ஏறி நாலு நாள்ல போயிடும். சூரியகாந்தியை மொதல்ல நிறுத்துங்க, தினை சாமையை அளந்து போடுங்க, பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை ரெண்டு டீஸ்பூன் போதும், பெல்லட்டை (கடையில விக்கற சத்து உருண்டைத் தீனி) கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குங்க, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல் குடுங்க, கடல்நுரை எப்பவும் தொங்கட்டும். வாரத்துக்கு எடை ஒண்ணு ரெண்டு சதவீதம் கொறஞ்சா சரியான வேகம்.

இதோட ஹார்மோனை அடக்க லியூப்ரோலைடு ஊசி, இல்லாட்டி டெஸ்லோரெலின்னு தோலுக்கடியில வெக்கற சின்ன குச்சி. ரெண்டுமே விலை அதிகம், எல்லா எடத்துலயும் கெடைக்காது, ஆனா வெளிச்சத்தையும் தீனியையும் மாத்தாம வெறும் ஊசிய நம்பினா காசுதான் போகும்.

அந்தக் காக்டெயில் எட்டு வாரத்துல 112 கிராமுக்கு எறங்குச்சு. உருண்டையும் பாதியா சுருங்கிடுச்சு. இப்படி சில கேஸ்ல ஆபரேஷனே வேண்டாம்னு ஆயிடும், ஆனா இதுக்கு தோல் மஞ்சளாகி புண்ணு இருந்ததால பண்ணினோம்.

படி 6: ஆபரேஷன் டேபிள்

பட்டினி: பட்ஜி, காக்டெயில்னா ஒண்ணு ரெண்டு மணி நேரம் மட்டும், கழுத்துக்கு கீழ இருக்கற தீனிப்பை காலியான்னு தொட்டுப் பார்த்தா போதும். நாய் மாதிரி ராத்திரி பூரா பட்டினி போட்டா மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடியே சர்க்கரை இறங்கிடும்.

மயக்கத்துக்கு முன்னாடி வலிக்கு பியூட்டோர்ஃபனால், மெலாக்சிகாம், தோலுக்கடியில வெதுவெதுப்பான சலைன். ஐசோஃப்ளூரேன் மாஸ்க்ல 4, 5 சதவீதத்துல தூங்க வெச்சு 2 பக்கத்துல ஓட்டறது. இந்த சைஸுக்கு மாஸ்க் கடையில இருக்காது, சிரிஞ்சை வெட்டி வாயில கிளவுஸ் துண்டைக் கட்டி ஓட்டை போட்டு நாமளே செய்யணும். கொஞ்சம் பெரிய பறவைக்கு மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் போட்டா அதுல இருக்கற கஃபை (சின்ன பலூனை) ஊதாதீங்க, பறவையோட மூச்சுக்குழாய் வளையம் முழு வட்டம், விரியாது, கிழியும்.

சூடு. பறவை உடம்பு 40, 41 டிகிரி, மயக்கத்துல பத்து நிமிஷத்துல கிடுகிடுன்னு இறங்கும். கீழ ஹீட்டிங் பேட், தலைமாட்டுல சுடுதண்ணி நெரப்பின கிளவுஸ், முடியை தேவையான எடத்துல மட்டும் பிடுங்கறது, ஸ்பிரிட் போடவே கூடாது, வெதுவெதுப்பா நீர்த்த போவிடோன் அயோடின் போதும். தலைப்பக்கத்தை கொஞ்சம் உசத்தி வைங்க. நெஞ்சு மேல கையோ துணியோ எதுவும் பாரமா இருக்கக்கூடாது, ஒட்டற பிளாஸ்டிக் டிரேப் போட்டா நெஞ்செலும்பு அசையறதும் தெரியும்.

வெட்டு நடுக்கோட்டுல. தோலுக்கு நேர் கீழ குடல் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், அதனால தோலை மெல்லிசான இடுக்கியில கூடாரம் மாதிரி தூக்கி, ஒரு சின்ன கீறல் போட்டு, மழுங்கின கத்திரியை நுழைச்சு உள்ள ஒட்டலைன்னு பார்த்து பார்த்துத்தான் நீட்டணும். சாந்தோமா தோல் முழுக்க ரத்தக்குழாய், பைபோலார் காட்டரி (ரத்தக்குழாயை சுட்டு அடைக்கற கருவி) இல்லாம அதுல கை வெக்காதீங்க. கண்ணுல லூப் (பெருசா காட்டற கண்ணாடி), கையில நனைச்ச காது பட்ஸ், பஞ்சு உருண்டை கூட இந்த வயித்துக்கு பெருசு.

தோலைப் பிரிச்சதும் ஜவ்வுப் பை, அதைத் திறந்தா உள்ளடக்கம். ஒட்டினதை மெல்ல விடுவிக்கணும். குடல் நெறம் பாருங்க. இப்ப பெட்டைல கேள்வி, முட்டைக்குழாயை எடுக்கறதா? பெரும்பாலும் எடுக்கத்தான் சொல்லுவேன், அதை விட்டுட்டு தைக்கறது ஓட்டை வீட்ல மழை நிக்காம கூரை மேயற மாதிரி. இடது பக்கம் மட்டும்தான் இருக்கும். தாங்கற ஜவ்வைப் பிரிச்சு, மேல் முனையில வர்ற ரத்தக்குழாய்க்கு கிளிப் போட்டு, கீழ மலவாய் அறை பக்கம் கட்டும்போது பக்கத்துலயே ஓடற சிறுநீர்க் குழாயைச் சேத்துக் கட்டிடாம பார்க்கணும். முட்டைப்பையைத் தொடாதீங்க, அது பெரிய ரத்தக்குழாய்கள் மேல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, கிழிஞ்சா டேபிள்லயே முடிஞ்சிடும். முட்டைப்பை இருந்தாலும் குழாய் போனா முட்டை வராது, எப்பயாவது மஞ்சக்கரு உள்ள விழுந்தா சாதாரணமா உடம்பே உறிஞ்சிக்கும், அதனாலதான் அப்புறமும் இருட்டும் தீனியும் தொடரணும்.

இப்ப தைக்கிறது. என் முதல் பட்ஜி கேஸை சொல்றேன். தொங்கினது எல்லாத்தையும் அழகா உள்ள தள்ளி, தசையை இழுத்து, நாய்க்கு தைக்கற மாதிரி இறுக்கமா, வரிசையா, பார்க்க அவ்வளவு நேர்த்தியா தெச்சேன். எழுந்துச்சு, குச்சியைப் பார்த்துச்சு, ரெண்டு மணி நேரத்துல வாயைத் தொறந்து மூச்சு வாங்கி செத்துப் போச்சு. மாசக்கணக்கா வெளிய குடியிருந்த குடலுக்கு உள்ள எடமே இல்ல, நான் திணிச்சது எல்லாம் காத்துப்பை மேல உக்காந்துச்சு. அந்த வீட்டுக்காரம்மா ஒண்ணுமே சொல்லல, அதுதான் இன்னும் வலிக்குது.

அதுக்கப்புறம் நான் பண்றது: முதல்ல எடம் உண்டாக்கறது, முட்டைக்குழாய் போனாலே பாதி எடம் வரும், தொங்கற கொழுப்பையும் அளவா எடுக்கறது. அப்புறம் தையலை எல்லாம் கட்டாம போட்டு மட்டும் வெச்சுட்டு, ஒவ்வொண்ணா மெல்ல இழுக்கும்போது மயக்கம் பார்க்கறவங்க நெஞ்செலும்பு அசைவையே பார்த்துட்டு இருக்கணும், மூச்சு சிறுத்தா அந்த எடத்துலயே நிறுத்து. முழுசா மூட முடியலைன்னா மூடாதீங்க, கொஞ்சம் தொங்கல் மிச்சம் இருந்தா பறவை வாழும். தசை விளிம்பு சுத்தமா கிடைக்காத கேஸ்ல கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பையும் பிடிப்பா வெச்சு தைக்கலாம், சில பேர் பாலிப்ரொப்பிலீன் மெஷ் (வலை) வெக்கறாங்க. நூல் பாலிடயாக்சனோன், 4-0ல இருந்து 6-0, கேட்கட் (மிருகக் குடல்ல செஞ்ச நூல்) வேண்டாம், பறவைக்கு அது ரொம்ப அழற்சி பண்ணும். மிஞ்சின மஞ்சத் தோலை இழுவை வராத அளவுக்கு மட்டும் வெட்டி தோலைத் தைக்கணும். சின்னப் பறவைக்கு மொத்தமே அரை மணி முக்கால் மணிக்குள்ள முடிக்கப் பாருங்க.

படி 7: வீட்டுக்கு வந்தப்புறம்

மொதல் நாள் எங்ககிட்டயே சூடான பொட்டில, 29, 30 டிகிரில இருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஏதாவது தின்னணும். அந்த மஞ்சக் காக்டெயில் எழுந்ததும் என் விரலைக் கடிச்சுது, அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கடி வாங்கினதே இல்ல.

வீட்ல குச்சி எல்லாம் எடுத்துட்டு தரையில துண்டு விரிச்சு மேல வெள்ளைப் பேப்பர் போடுங்க, தீனியும் தண்ணியும் எட்டற எடத்துல. கரண்ட் போச்சுன்னா சூட்டுக்கு வழி இருக்கான்னு முன்னாடியே பாருங்க, துணி சுத்துன சுடுதண்ணி பாட்டில் போதும், ஆனா கூண்டுல பாதி பக்கம் மட்டும் சூடு வைங்க, அதுக்கு வேணும்னா தள்ளிப் போக எடம் வேணும். ஃபேன் நேரா அடிக்கக்கூடாது. மெலாக்சிகாம் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன அளவுல சொன்ன நாள் வரைக்கும், நல்லாதான் இருக்கேன்னு நடுவுல நிறுத்தாதீங்க, பறவை வலிய வெளிய காட்டாது.

தினம் எடை. ஒரே நாள்ல நூத்துக்கு அஞ்சு பங்குக்கு மேல கொறஞ்சா போன் பண்ணுங்க. எச்சம் முதல் நாள் கம்மியா பச்சையா இருக்கும், தின்ன ஆரம்பிச்சதும் சரியாகும், ரெண்டாவது நாளும் வரலைன்னா கொண்டு வாங்க. தையலை லேசா நீவிக்கும், அது பரவால்ல, நூலைப் பிடிச்சு இழுத்தா காலர் போடணும், ஆனா காலர் போட்டா பாதி பறவை பயந்து தின்னாது, அதனால கடைசி வழியாத்தான் அது. பத்துல இருந்து பதினாலு நாள்ல தையல் பிரிப்போம், அதுவரைக்கும் பறக்க விடாதீங்க.

தையல் பிரிக்க வந்தப்ப மீனாட்சிபுரம் அண்ணன் கூண்டைத் தூக்கிட்டு சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தாரு, நாலு பேர் அவருக்கு முன்னாடி உக்காந்திருந்தாங்க. "கொஞ்சம் சீக்கிரம் பார்த்து விடுங்க டாக்டரம்மா, ஆறு மணிக்கு லைட் அணைக்கணுமுங்க"ன்னாரு.